எதிர்கொண்டு போகிறவர்கள்: கடைசிக்காலமும் நித்திய ஜீவனும்

முதலாம் நூற்றாண்டில், கிரேக்க நகரமான தெசலோனிக்கேயின் கிறிஸ்தவ சபையில் சிலர் இறந்துபோனார்கள். பிரிவின் வேதனையோடு இன்னொரு வேதனையும் அந்தச் சிறு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டது. இயேசு திரும்பி வருவார், விரைவில் வருவார் என்ற செய்தியை நம்பித்தான் அவர்கள் பழைய தெய்வங்களை விட்டு வந்திருந்தார்கள். அவர் வருவதற்கு முன்பே நம்மவர்கள் மண்ணுக்குள் போய்விட்டார்களே, அந்த நாளை அவர்கள் தவறவிட்டுவிட்டார்களா? கேட்டுத் தெரிந்துகொள்ள, அந்தச் செய்தியைக் கொண்டுவந்த அப்போஸ்தலர் பவுல் அருகில் இல்லை. அவர் அந்த நகரத்தில் தங்கியது கொஞ்ச காலம்தான். மூன்று ஓய்வுநாட்கள் ஜெபாலயத்தில் பேசினார், பிறகு கலகம் எழுந்தது, சகோதரர்கள் அவரை இரவோடு இரவாக அனுப்பிவைத்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பாடம் பாதியில் நின்றுபோயிருந்தது.

மீதியை அவர் கடிதமாக எழுதினார். கொரிந்து நகரத்தில் இருந்தபோது எழுதியிருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் பெரும்பாலோரின் முடிவு. அவர் அங்கே இருந்த காலத்தில் ரோம ஆளுநராக வந்த கல்லியோனின் பெயர் தெல்பியில் கிடைத்த கல்வெட்டு ஒன்றில் இருப்பதால், கடிதத்தின் காலத்தை ஏறத்தாழ கி.பி. 50, 51 என்று கணிக்க முடிகிறது. இயேசு சிலுவையில் மரித்து அப்போது இருபது ஆண்டுகள் அளவே ஆகியிருந்தன. சுவிசேஷங்கள் இன்னும் இன்றைய வடிவில் எழுதப்படவில்லை. கிறிஸ்தவர்களின் கையில் இன்று இருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று, துக்க வீட்டுக்கு எழுதப்பட்ட ஓர் ஆறுதல் கடிதம். பிரதான தூதனின் சத்தம், தேவ எக்காளம், மேகங்கள் என்று கடைசிக்காலப் பிரசங்கங்களில் நாம் கேட்டுப் பழகிய எல்லாமே அதில் வருகின்றன. அந்தப் பகுதி முடியும் வரி இது: "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்."

கடைசிக்காலத்தைப் பற்றி யார் பேசினாலும் இந்த ஒரு வரியை அளவுகோலாக வைத்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. சிறுவயதில் ஒரு நாள் பள்ளி முடிந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது, உள்ளே ஒருவரும் இல்லை. இயேசு இரகசியமாக வந்து விசுவாசிகளை வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று பிரசங்கங்களில் கேட்ட இரகசிய வருகை நடந்துவிட்டது, எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், நான் மட்டும் விடப்பட்டேன் என்று நினைத்து வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டிலிருந்து அம்மா வந்து கண்ணைத் துடைத்துவிட்டார். அந்தப் பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்த பலருக்கும் இப்படி ஒரு மாலை நினைவில் இருக்கும். தேற்றுவதற்காகக் கொடுக்கப்பட்ட வார்த்தைகள் ஒரு குழந்தையை அப்படி நடுங்க வைத்தன என்றால், சொல்லப்பட்ட விதத்தில் ஏதோ இடறிவிட்டது என்றுதான் பொருள்.

எங்கே இடறியது என்று பார்க்கச் சொற்களிலிருந்து தொடங்கலாம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்த விஷயத்தை இரண்டு விதமாகப் பேசுகிறோம். பழைய மொழிபெயர்ப்பு "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதே இடத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்கிறது. ஒரு வீட்டில் நம்பிக்கை என்றால் வரப்போவதைக் காத்திருப்பது; அடுத்த வீட்டில் நம்பிக்கை என்றால் கடவுளைச் சார்ந்திருப்பது. குழப்பம்தான், ஆனால் பயனுள்ள குழப்பம். எதிர்நோக்கு என்ற சொல்லில் கண் இருக்கிறது. யாரோ வரும் வழியைப் பார்த்து நிற்கும் ஒருவர் தெரிகிறார். எபிரெய மொழியில் நம்பிக்கைக்கு வழங்கும் 'திக்வா' என்ற சொல் கயிற்றையும் குறிக்கும். எரிகோவில் ராகாப் தன் ஜன்னலில் கட்டிவைத்த சிவப்பு நூற்கயிற்றைச் சொல்லும் இடத்தில் வருவது அந்தச் சொல்தான். நகரம் விழும் நாளில் தன் குடும்பத்துக்கு உயிர் மிஞ்சும் என்று அவள் நம்பியதற்கு, கையில் பிடிக்கக்கூடிய அடையாளம் அந்தக் கயிறு.

இன்னொரு சொல் நம்மைக் கொஞ்சம் திசைமாற்றியிருக்கிறது: மோட்சம். "அவர் மோட்சம் போய்விட்டார்" என்று சாவு வீட்டில் இயல்பாகச் சொல்கிறோம். மோட்சம் என்றாலும் வீடு என்றாலும் வேர்ப்பொருள் விடுதலைதான். பிறவியிலிருந்து, உடலிலிருந்து விடுபடுதல். அந்தச் சொல்லுக்கு அதன் சொந்த மரபில் ஆழமான பொருள் உண்டு. கிறிஸ்தவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்தும்போது, உடம்பு என்ற கூட்டை விட்டு ஆத்துமா பறந்துபோவதுதான் முடிவு என்ற எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. விசுவாசப் பிரமாணத்தை ஞாயிறுதோறும் சொல்கிறோம்: "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்." சரீரம் என்ற சொல்லை எத்தனை பேர் நின்று கவனித்திருக்கிறோம்?

உடம்பைத் திரும்பக் கேட்டவர்கள்

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி மறுமையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறது. இறந்தவர்கள் பாதாளத்துக்கு இறங்குகிறார்கள், அங்கே மௌனம். "மரித்தவர்களும் மவுனத்தில் இறங்குகிற அனைவரும் கர்த்தரைத் துதியார்கள்" என்று 115ஆம் சங்கீதம் சொல்கிறது. இஸ்ரவேலர் கடவுளோடு வாழ்ந்த வாழ்க்கை இந்த மண்ணைச் சார்ந்தது: மழை, விளைச்சல், பிள்ளைகள், நீதியான ராஜா. இறந்தபின் வெகுமதி உண்டு என்ற உறுதி இல்லாமலேயே அவர்கள் பல நூற்றாண்டுகள் கடவுளை நேசித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வியப்பும் கூச்சமும் சேர்ந்து வருகின்றன.

அந்த மௌனத்தை உடைத்தது அநியாயம். கி.மு. 167ஐ ஒட்டி நான்காம் அந்தியோகு என்ற சிரியா அரசன் யூதர்களின் வழிபாட்டைத் தடைசெய்தான். கட்டளையை மீறியவர்கள் கொல்லப்பட்டார்கள். நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டதற்காகவே ஒருவன் சாகிறான் என்றால், கீழ்ப்படிகிறவன் நீடூழி வாழ்வான் என்ற வாக்கு என்ன ஆகும்? தானியேல் புத்தகத்தின் 12ஆம் அதிகாரம் அங்கேதான் பேசுகிறது: பூமியின் தூளிலே நித்திரை செய்கிறவர்கள் விழித்தெழுவார்கள். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினரும் திருமறையாக ஏற்கும் மக்கபேயர் இரண்டாம் நூலில் ஏழு சகோதரர்களும் அவர்கள் தாயும் கொல்லப்படும் காட்சி இருக்கிறது. மூன்றாம் மகன் தன் கைகளைத் துணிவோடு நீட்டி, இவற்றை வானத்திலிருந்து பெற்றேன், அங்கிருந்தே மறுபடியும் பெற்றுக்கொள்வேன் என்கிறான். அவனுக்கு உடம்பை விட்டுப் போகும் ஆசை இல்லை. வெட்டப்படப்போகும் அதே கைகளைத் திரும்பக் கேட்கிறான். உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை பிறந்த இடத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு காட்சியை நான் படித்ததில்லை.

இயேசுவின் காலத்து யூத சமயப் பிரிவுகளில் பரிசேயர் இதை ஏற்றார்கள், சதுசேயர் மறுத்தார்கள். சாதாரண யூத வீடுகளில் இது பழகிப்போன நம்பிக்கையாக இருந்தது. லாசரு இறந்த நான்காம் நாள் அவன் சகோதரி மார்த்தாள் இயேசுவிடம், உயிர்த்தெழுதல் நடக்கும் கடைசி நாளில் அவன் எழுந்திருப்பான் என்று அறிந்திருக்கிறேன் என்கிறாள். அந்தக் குரலில் ஒரு சோர்வு கேட்கிறது. கடைசி நாள் என்பது தொலைவில் இருக்கிறது, தம்பியோ இன்று இல்லை. அவளுக்குக் கிடைத்த பதிலில் தேதி எதுவும் இல்லை. "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்." எதிர்காலத்தில் எங்கோ கிடந்த ஒரு நிகழ்ச்சி, எதிரே நிற்கும் ஒருவராக மாறிவிட்டது. கிறிஸ்தவ நம்பிக்கையின் முழு மாற்றமும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

எல்லாருக்கும் முடிவில் நடக்க வேண்டியது, ஒருவருக்கு நடுவிலேயே நடந்துவிட்டது என்பதுதான் ஆதி சபை அறிவித்த செய்தி. பவுல் இதற்கு வயலிலிருந்து ஒரு சொல்லை எடுக்கிறார்: முதற்பலன். முதல் கதிர்க்கட்டு வந்துவிட்டால் மீதி வயலும் விளைந்து வருகிறது என்று அர்த்தம். உயிர்த்தெழுந்த இயேசு எப்படி இருந்தார் என்று சுவிசேஷங்கள் சொல்லும் விதமும் கவனிக்கத்தக்கது. பூட்டிய அறைக்குள் வருகிறார். அன்பானவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் பொரித்த மீன் துண்டை வாங்கி அவர்கள் முன்பாகச் சாப்பிடுகிறார். தோமாவிடம் ஆணிக் காயங்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். மரணத்தை வென்ற சரீரத்தில் காயங்கள் மறைந்திருக்கலாமே, ஏன் மறையவில்லை? இந்த உலகத்தில் பட்டது எதுவும் வீணாகத் துடைத்தெறியப்படுவதில்லை, அது சுமந்து செல்லப்பட்டு மகிமையாகிறது என்று நான் அதை வாசிக்கிறேன். நோயிலும் வன்முறையிலும் உடல் சிதைந்து இறந்தவர்களை அடக்கம் செய்தவர்களுக்கு இந்தக் காயங்கள் எவ்வளவு பெரிய விஷயம் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மரித்தோர் எப்படி எழுந்திருப்பார்கள், எப்படிப்பட்ட சரீரத்தோடு வருவார்கள் என்று கொரிந்தியர் கேட்டார்கள். பவுல் விதையைக் காட்டினார். விதைக்கிறபோது இருப்பது வெறும் மணி, எழும்புவது பயிர். இரண்டும் ஒன்றுதான், ஒன்றுபோல் இல்லை. அதற்கு மேல் அவர் விவரிக்கவில்லை. ஏத்தென்ஸ் நகரத்தில் இதே செய்தியைச் சொன்னபோது சிலர் பரிகாசம் செய்தார்கள். ஆத்துமா அழியாதது என்றால் கிரேக்க அறிஞர்களில் பலர் ஒப்புக்கொண்டிருப்பார்கள். பிணம் எழும் என்றதைத்தான் அவர்களால் தாங்கமுடியவில்லை. அப்படியிருந்தும் சபை அதை மழுப்பவில்லை. கி.பி. 381இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய பொதுச்சங்கத்தின் பெயரால் வழங்கும் நிசேயா விசுவாசப் பிரமாணம், மரித்தோர் உயிர்த்தெழுதலையும் வரப்போகும் உலகத்தின் வாழ்வையும் எதிர்நோக்குகிறோம் என்றே முடிகிறது. கல்லறைத் தோட்டத்துக்கு ஆதிக் கிறிஸ்தவர்கள் வைத்த கிரேக்கப் பெயரும் அதே நம்பிக்கையைச் சொல்கிறது: 'கோயிமெத்தேரியோன்', உறங்கும் இடம்.

மேலே போவதா, கீழே வருவதா?

தெசலோனிக்கேயருக்கு எழுதிய அந்தப் பகுதிக்குத் திரும்புவோம். "உயிரோடிருக்கும் நாமும் கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக, மேகங்கள்மேல் அவர்களோடேகூட ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டு" என்று இருக்கிறது. எடுத்துக்கொள்ளப்பட்டு என்ற சொல்லில் நாம் நின்றுவிடுகிறோம். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு முன்பே வைத்துவிட்ட அழகான சொல் எதிர்கொண்டு. வருகிறவரை ஊர் எல்லையில் போய்ச் சந்தித்து, மரியாதையோடு உள்ளே அழைத்துவருவதுதான் எதிர்கொள்ளுதல். மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வரும் மற்ற இடங்களைப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. பத்துக் கன்னிகைகள் மணவாளனுக்கு எதிர்கொண்டு போவது, அவரோடு கல்யாண வீட்டுக்குள் வருவதற்காக. பவுல் ரோமாபுரியை நெருங்கியபோது அங்கிருந்த சகோதரர்கள் அப்பியுபுரம்வரைக்கும் எதிர்கொண்டு வந்தார்கள்; வந்து அவரோடு சேர்ந்து ரோமாபுரிக்குத்தான் திரும்பினார்கள். அரசர்கள் நகரத்துக்கு வரும்போது மக்கள் வாசலுக்கு வெளியே போய் வரவேற்பதற்கும் அன்று இந்தச் சொல் வழங்கியது. ஆகவே பவுல் வரையும் படத்தில் போகும் திசையைவிட வரும் திசைதான் முக்கியம் என்று இன்று பல வேத அறிஞர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

வேதாகமத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களும் இதே பக்கம் நிற்கின்றன. யோவான் காண்பது பூமியிலிருந்து ஜனங்கள் ஏறிப்போகும் காட்சியை அன்று. புதிய எருசலேம் பரலோகத்திலிருந்து இறங்கிவருகிறது. "இதோ, மனுஷரிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறது" என்று சத்தம் கேட்கிறது. அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார். ஆலயம் இல்லை, ஏனென்றால் இனி கடவுளைச் சந்திக்கத் தனியிடம் தேவையில்லை. ஜீவ விருட்சத்தின் இலைகள் ஜாதிகள் ஆரோக்கியமடைவதற்கு ஏதுவானவை. சிங்காசனத்தில் வீற்றிருக்கிறவர் "சகலத்தையும் புதிதாக்குகிறேன்" என்கிறார். இருப்பதைப் புதிதாக்குவது வேறு, எல்லாவற்றையும் எறிந்துவிட்டு வேறு புதியவற்றைச் செய்வது வேறு.

பூமி எரிந்து அழியும் என்று பேதுரு சொல்லவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம் என்றே சொல்கிறது. ஆனால் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் அந்த இடத்தில் 'கண்டறியப்படும்' என்ற பொருளுடைய சொல் இருக்கிறது. பொன்னைப் புடமிடும் நெருப்புபோல, இருப்பதை வெளிக்கொணரும் நெருப்பு என்று அதைப் படிக்க முடியும். ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் சிருஷ்டி முழுவதும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்கிறார். சாகும் வேதனை என்று அவர் சொல்லியிருக்கலாம். பிரசவம் என்றார்.

தேதி குறித்தவர்கள்

"அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருவர் தவிர ஒருவரும் அறியார், குமாரனும் அறியார் என்று மாற்கு 13:32இல் இயேசு சொல்கிறார். இதைவிடத் தெளிவான வசனம் வேதத்தில் அதிகம் இல்லை. இதைவிட அதிகமாக மீறப்பட்டதும் அதிகம் இல்லை.

வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க விவசாயி நேர்மையானவர், வேதத்தை ஆண்டுக்கணக்கில் வரிவரியாகப் படித்தவர். தானியேல் 8:14இல் வரும் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு, கிறிஸ்து 1843ஐ ஒட்டி வருவார் என்று கணக்கிட்டார். அந்தக் காலம் கடந்துபோனது. அவருடைய இயக்கத்தார் கணக்கைத் திருத்தி 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நம்பினார்கள், சிலர் விளைந்த வயலை அறுக்காமலே விட்டுவிட்டார்கள். நள்ளிரவு கடந்தது. விடியும்வரை அழுதோம் என்று அவர்களில் ஒருவர் பிற்பாடு எழுதிவைத்தார். வரலாற்றில் அந்த நாளுக்குப் 'பெரும் ஏமாற்றம்' என்று பெயர். மில்லர் 1849இல் கண்மூடினார், வருகை சமீபம் என்ற நம்பிக்கையை விடாமலே. அந்த அழுகையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. இயேசுவை அவ்வளவு ஆசையோடு எதிர்பார்த்தவர்கள் அவர்கள். ஆசையில் பிழை இல்லை. தமக்குக் கொடுக்கப்படாத தகவலைக் கையில் எடுத்ததில்தான் பிழை.

2011 மே 21 என்று நாள் குறித்த வானொலிப் பிரசங்கி ஹரால்ட் கேம்பிங், அதுவும் பிறகு சொன்ன அக்டோபர் 21ஆம் தேதியும் கடந்தபின், தேதி குறித்தது பாவம் என்று 2012இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புக்கொள்ளலை மதிக்கிறேன். அவரை நம்பிச் சேமிப்பையும் வேலையையும் இழந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

இந்தத் துன்பம் புதியதும் இல்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம், கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற வதந்தியால் கலங்க வேண்டாம் என்கிறது. வேலை செய்யாமல் சுற்றித் திரிந்த சிலரையும் அது கண்டிக்கிறது.

வருகையின் வரிசைமுறை பற்றிச் சபைகளுக்குள் பல கருத்துகள் உண்டு. வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில் வரும் ஆயிரம் வருஷத்தை, கிறிஸ்து வந்தபின் பூமியில் நடக்கும் அரசாட்சி என்று இரண்டாம் நூற்றாண்டின் சபை ஆசிரியர்களான ஜஸ்டினும் ஐரேனியுவும் எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் அதைச் சபையின் இந்தக் காலம் முழுவதற்கும் அடையாளமாக வாசித்தார். மேற்கத்திய சபைகளில் நெடுங்காலம் அதுவே நிலைத்தது. உபத்திரவ காலம் எனப்படும் கடைசிக்காலக் கொடுந்துன்பத்துக்கு முன் இரகசியமாக விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்ற விளக்கம் இன்றைய வடிவத்தில் 1830களில் ஜான் நெல்சன் டார்பியின் போதனையிலிருந்து பரவியது. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. உண்மையான பக்தியுள்ள பலர் அதை நம்புகிறார்கள், அவர்களோடு சேர்ந்து ஜெபிக்க எனக்குத் தடை இல்லை. சபை முழுவதும் எல்லாக் காலத்திலும் நம்பியது இதைத்தான் என்று சொல்வதை மட்டும் ஏற்க முடியாது.

வெளிப்படுத்தின விசேஷமே முதலில் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்ட கடிதம் என்பதை மறந்துவிடுகிறோம். முதலாம் நூற்றாண்டின் இறுதியில், ரோம அரசனை வணங்கும் ஒரு சமூகத்தில், தாங்கள் ஒதுக்கப்பட்டு நசுக்கப்படுவதைக் கண்ட மக்கள் அதைச் சபையில் உரக்க வாசிக்கக் கேட்டார்கள். அதில் வரும் மிருகம் யார் என்பது அவர்களுக்குப் புதிராக இருந்திருக்காது. சிங்காசனத்தில் இருப்பது அரசன் இல்லை, அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி என்று கேட்டபோது அவர்கள் முதுகு நிமிர்ந்திருக்கும். லூக்காவில் இயேசுவும் இதைத்தான் சொல்கிறார்: இவைகள் சம்பவிக்கத் தொடங்கும்போது நிமிர்ந்துபார்த்து, உங்கள் தலைகளை உயர்த்துங்கள்.

இடைப்பட்ட காலம், நியாயத்தீர்ப்பு

இறந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? துக்கத்தில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான், வேதம் குறைவாகப் பதில் சொல்லும் கேள்வியும் இதுதான். சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார் இயேசு. தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருக்க ஆசை என்று பிலிப்பியருக்கு எழுதினார் பவுல். மற்ற விளக்கங்களில் சபைகள் பிரிகின்றன. கத்தோலிக்கத் திருச்சபை, இறந்தபின் ஆத்துமா தூய்மையாக்கப்படும் உத்தரிக்கிற நிலையைப் பற்றிப் போதிக்கிறது; 1274இல் லியோன், 1439இல் புளோரன்ஸ், பிறகு திரெந்து சங்கங்களில் அதை வரையறுத்தது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் அந்த வரையறையை ஏற்பதில்லை, ஆனாலும் மரித்தோருக்காக இடைவிடாமல் ஜெபிக்கின்றன. சீர்திருத்த சபைகள் விசுவாசி உடனே கிறிஸ்துவிடம் சேர்கிறார் என்கின்றன. உயிர்த்தெழுதல்வரை உறக்கம் என்பது அட்வென்டிஸ்டுகளின் போதனை. இந்த வேறுபாடுகளுக்கு அடியில் ஒரே உறுதி இருக்கிறது: இறந்தவர் கிறிஸ்துவின் கையை விட்டு விழவில்லை. அந்த இடைக்காலம் எதுவாக இருந்தாலும் அது பயணத்தின் முடிவு இல்லை என்பதையும் எல்லாச் சபைகளும் ஒப்புக்கொள்கின்றன.

நியாயத்தீர்ப்பு என்றதும் பயம் வருகிறது. சங்கீதக்காரர்களுக்கு வந்தது வேறு. 96ஆம் சங்கீதத்தில் கர்த்தர் நியாயந்தீர்க்க வருகிறார் என்றதும் வெளியிலுள்ள மரங்கள் ஆனந்திக்கின்றன. வழக்கே எடுக்கப்படாத ஏழைக்கு நியாயாதிபதி வருகிறார் என்பதைவிட நல்ல செய்தி எது? வெளிப்படுத்தின விசேஷத்தில் பலிபீடத்தின்கீழ் இருந்து, கொல்லப்பட்டவர்கள் எதுவரைக்கும் என்று கூப்பிடுகிறார்கள். அந்தக் கூக்குரலுக்குப் பதில் கிடைக்கும் நாள் இல்லையென்றால் கொலைகாரன்தான் கடைசி வார்த்தை பேசியவனாகிவிடுவான். எனவே நியாயத்தீர்ப்பு இல்லாத நம்பிக்கை, வசதியாக வாழ்பவர்களுக்கு மட்டும் போதுமான நம்பிக்கை.

அதேசமயம் மத்தேயு 25ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது வசதியாக வாழும் என்னைப் போன்றவர்களின் குரல் அடங்கிவிடுகிறது. பசியாயிருந்தேன், அந்நியனாயிருந்தேன், காவலில் இருந்தேன் என்று ராஜா வரிசையாகச் சொல்கிறார். கடைசிக்கால அட்டவணையைச் சரியாகப் புரிந்துகொண்டாயா என்ற கேள்வி அங்கே வருவதே இல்லை. நரகம் முடிவில்லாததா, அழிவா, எல்லாம் ஒருநாள் சீர்ப்படுமா என்பதில் பெரும்பாலான சபைகள் முதலாவதையே போதித்தன. நான்காம் நூற்றாண்டின் நீசா ஊர் கிரகோரியைப் போன்ற மதிக்கப்பட்ட ஆசிரியர் மூன்றாவதன் பக்கம் சாய்ந்தார். நான் இதில் தீர்ப்புச் சொல்லத் துணியவில்லை. தீர்ப்புச் சொல்பவர் காயப்பட்ட கைகளை உடையவர் என்பது மட்டும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

நாளைக்கு மட்டுமான வாழ்வு இல்லை

நித்திய ஜீவன் என்பதை முடிவில்லாத நேரம் என்று நினைத்துத்தான் பலர் மிரளுகிறார்கள். முடிவே இல்லாமல் பாடிக்கொண்டிருப்பதா என்று ஒரு சிறுவன் என்னிடம் உண்மையான கவலையோடு கேட்டான். கிரேக்க மூலத்தில் இருப்பது 'வரப்போகும் யுகத்துக்குரிய வாழ்வு' என்ற பொருள் தரும் சொல். யூதர்கள் காலத்தை இந்த யுகம், வரும் யுகம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். அந்த இரண்டாம் யுகத்தின் உயிர் அது. நீளத்தைவிடத் தன்மையைத்தான் அந்தச் சொல் முதலில் குறிக்கிறது. திருவிவிலியம் 'நிலைவாழ்வு' என்று மொழிபெயர்த்தது நல்ல தேர்வு. தள்ளாடும் வாழ்வுக்கு எதிராக நிலைபெற்ற வாழ்வு. இயேசுவே அதற்குக் கொடுக்கும் விளக்கம் யோவான் 17:3இல் இருக்கிறது: மெய்த்தேவனையும் அவர் அனுப்பினவரையும் அறிவதே நித்தியஜீவன். அறிதல் என்றால் உறவு. நேசிக்கும் ஒருவரோடு பேசும்போது மணி பார்க்காமல் இருந்திருக்கிறாயா என்று அந்தச் சிறுவனிடம் திருப்பிக் கேட்டேன். அவன் யோசித்தான், பிறகு தன் தாத்தாவின் பெயரைச் சொன்னான்.

யோவான் சுவிசேஷத்தில் இந்த வாழ்வு நிகழ்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது; விசுவாசிக்கிறவன் மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறான் என்று முடிந்த காரியமாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதுமா? உயிர்த்தெழுதலைப் பற்றி 57 வசனங்கள் எழுதிய பவுல் 58ஆம் வசனத்தில் இறங்கும் இடத்தைப் பாருங்கள்: கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது. சரீரம் எழுமானால் சரீரத்துக்குச் செய்தது நிலைக்கும். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைக் கொள்ளைநோய் தாக்கியபோது கிறிஸ்தவர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்தார்கள், இறந்தவர்களின் கண்களை மூடி, உடலைக் குளிப்பாட்டி அடக்கம் செய்தார்கள், பலர் அதிலேயே இறந்தார்கள் என்று அந்நகர ஆயர் தியோனீசியு எழுதினார். நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்த பேரரசர் ஜூலியன், இந்த மார்க்கம் வளர்ந்ததற்குக் காரணங்களாகச் சொன்னவற்றில் அந்நியர்மீது அவர்கள் காட்டும் அன்பும், மரித்தோரின் கல்லறைகள்மீது அவர்கள் காட்டும் அக்கறையும் உண்டு. எதிரியின் கண்ணுக்குத் தெரிந்தது இது. எழப்போகும் உடம்பு என்று நம்பியவர்கள் பிணத்தையும் மரியாதையோடு தொட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் துக்கம் துக்கம்தான். துக்கிக்காதீர்கள் என்று பவுல் எழுதவில்லை. "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்காதிருங்கள் என்றுதான் எழுதினார். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே அந்தக் கல்லறைக்குப் போனவரும் வழியில் கண்ணீர் விட்டார். சாவு வீட்டில் "அழாதீர்கள், அவர் நல்ல இடத்தில் இருக்கிறார்" என்று அவசரப்படுகிறவர்கள் அந்தக் கண்ணீரைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்று வேதம் சொல்கிறது. சத்துருவை நண்பன் என்று யாரும் அழைக்க வேண்டியதில்லை.

முதல் கடிதத்தை முடிக்கும்போது பவுல் கொஞ்சம் கடுமையாகவே ஓர் ஆணையிடுகிறார்: இது சகோதரர் யாவருக்கும் வாசிக்கப்பட வேண்டும். ஒருவரும் விடுபடக்கூடாது. அந்த மாலையில் தெசலோனிக்கேயின் ஏதோ ஒரு வீட்டில் விளக்கருகே ஒருவர் வாசித்திருப்பார். அப்பாவை, மனைவியை, குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் கேட்டிருப்பார்கள். மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள் என்ற இடம் வந்தபோது, வாசித்தவர் ஒரு கணம் நிறுத்தியிருப்பார். அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லி யாராவது கேட்டிருப்பார்கள்.